செந்தூலா, மயிலாப்பூரா?

கோலாலம்பூரிலிருந்து மெட்ராஸுக்கு நாங்கள் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் நாலைந்து வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ளப் போனோம்.

வழக்கு இதுதான். ரயில்வே பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கோலாலம்பூர்ச் செந்தூலில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, மெட்ராஸில் ஒரு மனை வாங்கி, வீடு கட்டி, கடைசிக் காலத்தை அங்கே கழிக்க வேண்டும் என்றார் அவர். நான் மாட்டேன் என்றேன். அவர் பிறந்தது மந்தைவெளியில். பதினாலு வயதில் மாமாவோடு கப்பல் ஏறியவர், திரும்பிப் போனதே இல்லை. நான் பிறந்தது மலேசியாவிலேயே, தைப்பிங்கில். அங்கேயே படித்து, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்து, மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாருக்கும் ஊசி போட்டவள். அறுபத்தொன்பதில் கோலாலம்பூரில் இனக் கலவரம் நடந்த பிறகுதான் அவருக்கு இந்த எண்ணம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. “நமக்குன்னு ஒரு ஊரு வேணும் கமலா” என்பார். “அப்ப இது என்னா, வாடகை ஊரா?” என்பேன். அவர் கையில் இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. நான் அந்த நாட்டிலேயே பிறந்தவள், குடியுரிமைக்கான நீல அட்டை. வாய்ச்சண்டை முற்றினால் அதையும் சொல்லிக் காட்டுவேன். நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

கடைசியில் மகள் ஈப்போவிலிருந்து வந்து பஞ்சாயத்துப் பண்ணினாள். ஒரு மாதம் போய் இருந்து பார்ப்பது, தீபாவளியையும் அங்கேயே கொண்டாடுவது, அது முடிந்ததும் முடிவு சொல்வது. சொன்ன பிறகு ஒருத்தரை ஒருத்தர் குத்திக் காட்டக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை என்னை மனதில் வைத்துச் சேர்க்கப்பட்டது.

மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்தது. கீழே வீட்டுக்கார மாமாவும் மாமியும். மாமா அதிகம் பேசமாட்டார், அவருக்கும் சேர்த்து மாமி பேசுவாள். சாவியைக் கையில் கொடுக்கும் முன்பே சட்டதிட்டம் எல்லாம் சொல்லிவிட்டாள்.

“மாடியில மாமிசம் கூடாது. கார்ப்பரேஷன் தண்ணி கார்த்தால நாலு மணிக்கு வரும், எப்போ நிக்கும்னு சொல்ல முடியாது, பிடிச்சு வெச்சுக்கணும். ராத்திரி எட்டரைக்கு மேல மாடிப்படியில தடதடன்னு நடக்கப்படாது. மத்தபடி இது உங்காம் மாதிரி நெனச்சுக்கோங்கோ.”

உங்காம் என்றால் உங்கள் வீடு. என் வீட்டில் நான் மீன் பொரிப்பேன், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், படியில் எப்படி வேண்டுமானாலும் நடப்பேன். முதல் நாளே எனக்கு உற்சாகமாகிவிட்டது. நான் வாதாட வேண்டிய அவசியமே இல்லை, இந்த ஊர் எனக்காக வாதாடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனபோது குழாய் புஸ்ஸென்று காற்று விட்டது. வெளியே கொட்டுகொட்டென்று மழை. வானத்தில் இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு குழாயில் தண்ணீர் இல்லாத ஊரை நான் பார்த்ததில்லை. எங்கள் கோலாலம்பூரிலும் தினம் சாயங்காலம் மழை உண்டு. அரை மணி நேரம் அடித்துப் பெய்யும், சாக்கடையில் ஓடிவிடும், வெயில் அடிக்கும். இங்கே மழை தெருவிலேயே குடியிருந்துவிடுகிறது. இதை நான் அவரிடம் சொல்ல, அவர் மாமியிடம் கிணற்றுத் தண்ணீர் வாங்கிவந்து என் முன்னால் வைத்துவிட்டு, “தண்ணி வந்தாச்சு. அடுத்த புகாரு?” என்றார்.

அடுத்த புகாரைச் சொல்லவிடாமல் காப்பி வந்தது. மாமி அடுக்களையிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் நுரையோடு வந்த அந்தக் காப்பியைக் கடைசி நுரை வரை குடித்துவிட்டேன். எங்கள் ஊரில் காப்பிக் கொட்டையை வெண்ணெயும் சீனியும் போட்டுக் கறுக்க வறுத்து, துணிப் பையில் வடிகட்டி, டின் பால் ஊற்றிக் கொடுப்பார்கள். அது ஒரு ருசி. இது வேறு ஜாதி. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றேன். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரம் ஓட்டினார்.

தியாகராய நகருக்குப் போனது அந்த வாரம்தான். தீபாவளிக் கூட்டம். பாண்டி பஜாரில் ஆளை ஆள் தள்ள, நாம் நடக்கவே வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஒரு ஜவுளிக் கடையில் பாயில் உட்காரவைத்து, குடிக்கக் கலர் கொடுத்து, சேலைகளை மலையாகக் குவித்தார்கள். நான் போதும் போதும் என்கிறேன், கடைக்காரர் விடுவதாக இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

“பாக்கதுக்குக் காசா கேக்கேன்? பாருங்கம்மா. அம்மா சிங்கப்பூர்தானே?”

“இல்லீங்க, மலேசியா.”

“அதேதான்” என்றார்.

எங்கள் பிரதமர் கேட்டால் மனம் நொந்துபோவார். அந்த ஊரில் கடல் தாண்டிய இடம் எல்லாமே சிங்கப்பூர்தான். அடுத்த கேள்வியும் மாறாது: கோடாலித் தைலம் இருக்கா, கைக்கடிகாரம் இருக்கா, நைலக்ஸ் சேலை இருக்கா. கடை நிறையப் பட்டை வைத்துக்கொண்டு, என் இடுப்பில் இருந்த நைலக்ஸைக் கடைக்காரரின் மனைவி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் அவளுடைய சுங்குடியைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் லாபம்.

இந்த இரண்டு நாட்டின் பொருளாதாரத்தையும் எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, பனகல் பூங்கா ஓரத்தில் குடை ரிப்பேர் செய்கிறவரைப் பார்த்தே புரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் குடை ஒடிந்தால் குப்பையில் போட்டுவிட்டு ஜப்பான் குடை ஒன்று வாங்குவோம். இங்கே கம்பி மாற்றி, துணி தைத்து, கைப்பிடியை இறுக்கி, நாலு தலைமுறைக்கு வரும்படி செய்து கொடுக்கிறார்கள். அங்கே சாமான் மலிவு, ஆள் கிராக்கி. இங்கே ஆள் மலிவு, சாமான் கிராக்கி. ஸ்கூட்டர் வேண்டுமென்றால் எழுதிவைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். மாமியின் மருமகன் கல்யாணத்துக்கு முன்பே எழுதிவைத்தாராம், இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, ஸ்கூட்டர் வரவில்லை. சர்க்கரைக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. டெலிவிஷன் அந்த ஊருக்கு இன்னும் வந்திருக்கவில்லை, எங்கள் வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது என்றதும் மாமா முதல்முறையாக வாயைத் திறந்து, “அதுல பாட்டுக் கச்சேரி காட்டுவாளோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்போ எதுக்கு?” என்று மறுபடி மூடிக்கொண்டார்.

இதையெல்லாம் நான் தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் அவரிடம் பரிமாறுவேன். அவர் பதிலுக்கு மல்லிகைப்பூவையும் சபாக் கச்சேரியையும் எடுத்து வைப்பார். அவருக்கும் சிரமம் இல்லாமல் இல்லை. செந்தூலில் சாயங்காலம் ஆனால் பக்கத்து வீட்டு ஆ சோங்கும் இவரும் வேலியோரம் நாற்காலி போட்டு ஆளுக்கொரு கிளாஸ் ஸ்டவுட் பீர் குடிப்பார்கள். மெட்ராஸில் மதுவிலக்கு மறுபடி வந்திருந்த சமயம். ஆறு மணிக்கு இவர் கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மாடிச் சுவரைத் தட்டிக்கொண்டிருப்பார்.

என் கட்சி ஆட்டம் காண ஆரம்பித்தது தபால் ஆபீசில். மகளுக்குத் தந்தி கொடுக்கப் போனேன். நான் தப்பான ஜன்னலில் நின்றுவிட்டேன். உள்ளே இருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ஏம்மா, இங்க எழுதிப் போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா? காலங்காத்தால வந்து உயிரை எடுக்கறீங்க. அந்தப் பக்கம் போங்க!” என்று எரிந்து விழுந்தார்.

நான் அந்தப் பக்கம் போய் நின்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் என்னைத் தமிழில் திட்டியிருக்கிறார். என் வாழ்க்கையில் இது முதல் தடவை. ஊரில் ஒரு கவுண்டருக்குப் போவதென்றால், மலாயில் பேசுவதா ஆங்கிலத்தில் பேசுவதா, எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று வரிசையில் நிற்கும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்ப்பேன். அப்படி ஒத்திகை பார்க்கிறேன் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. இங்கே போலீஸ்காரர், பழக்காரி, பாங்க் குமாஸ்தா எல்லாரும் ஒரே பாஷை. நான் யார், எந்த ஆள் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்கு நாமே ஓட்டுப் போடுவதா?

அடுத்த ஓட்டு அடையாறு பாலத்தில் விழுந்தது. பெசன்ட் நகர் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம், நல்ல மழை, பஸ் இருமி இருமிப் பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. டிரைவர் கீழே இறங்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார். கண்டக்டர் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொன்னார். நான் ஓரமாக, நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

“இன்னாம்மா, வேடிக்க பாத்துகினு கீறே? வா, ஒரு கை குடு!” என்றார் கண்டக்டர்.

“நானா?”

“பின்ன? டிக்கெட்டு வாங்கின இல்ல?”

தள்ளினேன். ஒரு பக்கம் மீன் கூடைக்காரி, இன்னொரு பக்கம் காலேஜ் பிள்ளைகள், நடுவில் நான். வண்டி உறுமிக் கிளம்பியதும் எல்லாரும் ஓஹோ என்று கத்தினோம், நானும்தான். எங்கள் ஊரில் பஸ் நிற்காது, நின்றால் வேறு பஸ் வரும், யாரும் யாரோடும் பேசாமல் ஏறிப் போவோம். வசதி அதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கூடைக்காரி இறங்கும்போது என் தோளைத் தட்டி, “வர்ட்டா கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனாளே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? என் வீட்டுக்காரர் அத்தனை நேரமும் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியாம். “இந்த ஊரு ஆளுன்னு சொல்லிக்கிறவரு உள்ள, நான் வெளிய” என்று இடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் வேளச்சேரி. மனை பார்க்கப் போன கதை. தரகர் துரைசாமி வெள்ளை வேட்டியும் கையில் சுருட்டிய வரைபடமுமாக வந்தார். கிண்டி தாண்டி டாக்சி போகிறது, போகிறது, வயலும் ஏரியும் பனைமரமும் தவிர ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் டாக்சிக்காரர் இதற்கு மேல் வராது என்று நிறுத்திவிட்டார். இறங்கிப் பார்த்தால் எதிரே பரந்த தண்ணீர். நடுவில் மூன்று எருமைகள், மூக்கு மட்டும் தெரிகிறது.

“மனை எங்கீங்க?” என்றேன்.

துரைசாமி வரைபடத்தை விரித்து, தண்ணீரைப் பார்த்து, மறுபடி வரைபடத்தைப் பார்த்து, நடு எருமையைக் காட்டினார். “தோ, அத்த ஒட்டி லெப்ட்டுல.”

“தண்ணிக்குள்ளயா?”

“மழைக்கி நாலு நாளு நிக்கும்மா. அப்பால பூமி பூமிதான். எய்தி வெச்சுக்கோங்க, நாளைக்கி இந்த எடத்துல சினிமா கொட்டா, பங்களா, ரயிலு எல்லாம் வரப்போது.”

நான் சிரித்த சிரிப்பில் எருமைகள் திரும்பிப் பார்த்தன. என் வீட்டுக்காரர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை போய் நின்றார். நெடுநேரம் நின்றார். அந்த எருமைக்குப் பக்கத்தில் அவர் கண்ணுக்கு ஒரு வீடு தெரிந்திருக்க வேண்டும், மாடியும் தோட்டமுமாக. திரும்பி வந்து, “தீபாவளி கழிச்சு அட்வான்ஸ் கொடுத்திடலாம்னு பாக்கிறேன்” என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. இந்த மனுஷன் விளையாடவில்லை என்று அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

தீபாவளி வந்தது.

எங்கள் ஊர்த் தீபாவளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குப் போய் வந்து, பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்தால் ராத்திரி வரை மூடமாட்டோம். யாரையும் அழைப்பதில்லை. சீனர் வருவார்கள், மலாய்க்காரர் வருவார்கள், பட்டறை ஆட்கள் குடும்பத்தோடு வருவார்கள், வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, ஹாமிட் அஞ்சு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து முறுக்குத் தட்டைக் காலி பண்ணுவார். ஆ சோங் ஆரஞ்சுப் பழச்சாறு ஒரு பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் அந்த வருஷத் தீபாவளிக்கு மார்க்கு.

மயிலாப்பூரில் எங்கள் தீபாவளி எப்படி இருக்கப் போகிறது என்று எனக்குக் காட்டிவிட வேண்டும் என்று அவர் குதித்தார். தெருவில் எல்லாரையும் ஒரு மாதமாகப் பார்த்துப் பேசிப் பழகியாயிற்று, எப்படியும் நாற்பது பேர் வருவார்கள் என்றார். வாடகை நாற்காலி எடுக்கப் போனார். கடைக்காரர், “இன்னா சார், பொண்ணுக்கு நிச்சயமா?” என்று கேட்டாராம். “தீபாவளிங்க” என்றாராம் இவர். கடைக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு நாற்காலிகளை எண்ணிக் கொடுத்தாராம்.

மாமிசம் கூடாதே. நான் கொண்டுபோயிருந்த சோயாச் சாற்றை வைத்துக் காய்கறி போட்டு மீ என்கிற சீன நூடுல்ஸைப் பிரட்டினேன், அதற்கான மீயை மண்ணடி வரை போய் அலைந்து பிடித்துவந்தேன். அண்டா நிறைய நெய்ச்சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், ரோஜா சிரப். முந்தின நாள் பூராவும் அடுப்படியில் நின்று, இடுப்பு ஒடிந்து, சரி, விடியட்டும் என்று படுத்தேன்.

எங்கே விடியவிட்டார்கள்? மூன்று மணிக்கே தெருவில் சரவெடி. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். நான் தலையில் எண்ணெய் வழிய, பழைய சேலையில், வாளியும் கையுமாகக் கதவைத் திறக்கிறேன், வாசலில் மாமியும் மாமாவும் புதுப்பட்டில் ஜ்வலிக்கிறார்கள்.

“கங்கா ஸ்நானம் ஆச்சா?”

“இல்லீங்க, இனிமேத்தான். உக்காருங்க, தண்ணி கலக்குறேன்.” எங்கள் ஊரில் டீ காப்பி போடுவதற்குத் தண்ணி கலக்குவது என்று பேர்.

“வேண்டாம் வேண்டாம், இன்னும் நாலு ஆத்துக்குப் போகணும்.” என் உள்ளங்கையில் கறுப்பாக ஓர் உருண்டை தீபாவளி மருந்தை வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

ஐந்து நிமிஷம் கழித்து எதிர்வீட்டு வாத்தியாரும் அவர் சம்சாரமும். அதே கேள்வி. அதற்கப்புறம் கோடிவீட்டு வக்கீல் குடும்பம், பால் டெப்போக்காரர், அவர் அண்ணன், பூக்கார அம்மாள்கூட. வரிசையாக வருகிறார்கள், குளித்தாயிற்றா என்று கேட்கிறார்கள், சிரிக்கிறார்கள், போகிறார்கள். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “இல்லை, இன்னும் இல்லை” என்று குரல் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் தாதி வேலை பார்த்தவள் நான், என் நோயாளிகளைக்கூட இந்தப் பாடு படுத்தியதில்லை. தெருவோடு சேர்ந்து ஒருத்தருடைய குளியலை விசாரிக்கும் ஊரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். “பாசம்” என்றார் கதவுக்குப் பின்னாலிருந்து.

குளித்து, கோயிலுக்குப் போய் வந்து, பத்து மணிக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். அவர் பூப்போட்ட பத்திக் சட்டை போட்டுக்கொண்டு, தலைவாரி, கீழே கேட்டருகில் போய் நின்றார்.

பதினொன்று ஆயிற்று. யாரும் வரவில்லை. மாறாக, மூடிய தட்டுகள் வந்தன. ஒவ்வொரு வீட்டு வேலைக்கார அம்மாளும் வந்து, “இத்த குடுக்க சொன்னாங்க” என்று லட்டும் தேன்குழலும் வைத்துவிட்டுப் போனாள். மேஜை மேல் தட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. ஆட்கள் மட்டும் இல்லை. பன்னிரண்டு. ஒன்று. தெருவில் ஈ காக்கை இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள், இளவட்டங்கள் சினிமாவுக்குப் போய்விட்டார்கள். ஒரு சைக்கிள் வேகம் குறைந்தால் அவர் நிமிர்ந்து நிற்பார், அது தாண்டிப் போனதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். தூறல் போட்டது, உள்ளே வரச் சொன்னேன். “வர்றவங்க யாரும் இல்லைன்னு நெனச்சுத் திரும்பிடுவாங்க” என்றார்.

ஒரு மாதமாக அவரை மடக்குவதற்கு நான் எதையெல்லாமோ தேடினேன். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், பார்த்தீங்களா உங்க ஊரை என்று. வாய் வரவில்லை. மாடியிலிருந்து அவருடைய நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அந்தத் தெருவின் மேல் அப்படி ஒரு கோபம்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாமி தன் பாத்திரத்தை எடுத்துப்போக மேலே வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னடிம்மா இது, இத்தனை நாற்காலி? கச்சேரியா?”

நான் பொரிந்து தள்ளிவிட்டேன். “ஆளுங்க வருவாங்கன்னு போட்டோம் மாமி. இங்க யாரும் யார் வீட்டுக்கும் வரமாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. காலையிலேர்ந்து அவரு வாசல்லயே நிக்கிறாரு. ஒரு ஆள் எட்டிப் பாக்கலை.”

மாமி மூக்கில் விரலை வைத்தாள். “ஒரு ஆள் எட்டிப் பாக்கலையா? நாங்க அத்தனை பேரும் கார்த்தாலயே வந்துட்டுப் போனோமே! தீபாவளி அன்னிக்கு விடியறதுக்கு முன்னால ஒருத்தர் ஆத்துக்கு ஒருத்தர் போய், கங்கா ஸ்நானம் ஆச்சான்னு கேக்கறதுதானே வழக்கம்? அதுதான் வர்றது. நீங்கதான் யார் ஆத்துக்கும் வரலை. மலேசியாக்காரா, கூச்சப்படறா போலிருக்குன்னு பேசிண்டோம்.”

அவர் எப்போது மாடிக்கு வந்தார் என்று தெரியாது, என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமியும் சிரித்தாள், நானும் சிரித்தேன். மாமி கைப்பிடிச் சுவரோரம் போய்த் தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், மாடவீதி வரை கேட்டிருக்கும்: “வாங்கோ எல்லாரும், மேல வாங்கோ! இவா நமக்காகச் சமைச்சு வெச்சிண்டு கார்த்தாலேர்ந்து காத்துண்டிருக்கா!”

வந்தார்கள். அத்தனை நாற்காலியும் போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ஆசாரமானவர்கள் வாழைப்பழமும் சிரப்பும் எடுத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் சுற்றிவளைக்காமல் சோற்றுக்கே வந்துவிட்டார்கள். பால் டெப்போக்காரர் மீயை விரலில் தூக்கிப் பார்த்து, “இது எங்க சார் முடியிது?” என்று கேட்டார். மாமா வாயே திறக்காமல் மூன்று தடவை போட்டுக்கொண்டார். மாமி அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள். அண்டா காலி. எங்கள் செந்தூலில்கூட இப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை, இதை நான் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. மெல்ல, இந்தப் படிக்கட்டும், இந்தக் காப்பியும், தமிழில் திட்டும் தபால் ஆபீசுமாக ஒரு வாழ்க்கை வாழ்ந்துதான் பார்ப்போமே என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. எல்லாரும் போன பிறகு அதை அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைக்கவே எனக்குச் சிரிப்பாக வந்தது.

அப்போது எதிர்வீட்டு வாத்தியார் கை கழுவிக்கொண்டே கேட்டார்: “வேளச்சேரில மனை பாத்தேளாமே, முடிச்சுட்டேளா?”

“இல்லீங்க” என்றார் அவர். “அட்வான்ஸ் கொடுக்கலை. கொடுக்கப் போறதும் இல்லை.”

நான் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றேன்.

“ஏன், நம்மூர் பிடிக்கலையா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றார். “மந்தைவெளியில பொறந்தவன் சார் நான். மலேசியாவுல இருந்த அத்தனை வருஷமும் இந்த ஊரு ஒரு நாள் என் வாசலுக்கு வரணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு விடியக்காலையில ஊரே வந்து என் கதவைத் தட்டியிருக்கு. எனக்கு அடையாளம் தெரியலை. இது தெரியாம ஒருத்தன் இந்த ஊர்க்காரனா இருக்க முடியுமா?”

வாத்தியார் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார். இவரே அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்துக்கொண்டு, “எங்க ஊர்ல பத்து மணிக்குத்தான் சார் வருவாங்க” என்றார்.

எங்க ஊர். கல்யாணமான நாளிலிருந்து செந்தூலைப் பற்றி அவர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. இதைக் கேட்பதற்குத்தானே நாலைந்து வருஷம் சண்டை போட்டேன்? வழக்கு தீர்ந்துவிட்டது, ஜெயித்தது நான். ஒப்பந்தப்படி இனிக் குத்திக் காட்டவும் கூடாது.

அவர் நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார். நானும் போய் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். அவரிடம் சொல்லலாம் என்று வைத்திருந்ததை நான் கடைசிவரை சொல்லவில்லை.